பைன் மரத்தில் ஒரு மூட்டை

நல்லம்பள்ளியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம், டோல்கேட் தனி. ஜூலைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பினோம். நான், மனைவி சித்ரா, நான்கு வயது மகள் இனியா, வழியனுப்ப அப்பாவும் அம்மாவும். மூன்று பெரிய பெட்டிகள் பின்னால் ஏறிய பிறகு கைப்பைக்கு இடமில்லை. அதை அம்மா வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தார். கீழே வைக்கச் சொன்னாலும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பால்வளப் படிப்பு முடித்து, ஓசூர் பக்கத்தில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை கிடைத்தது. மனைவியும் வேலை செய்யலாம் என்கிற விசா. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது இதே வேலையைப் பற்றி விசாரிக்கிறார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கார் ஓட்டியவர் தர்மபுரி இப்ராஹிம் பாய். காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"படிக்காத பையன மாடு மேய்க்கப் போன்னு வாத்தியாருங்க திட்டுவாங்க. நீங்க படிச்சுப்போட்டு மாடு மேய்க்கப் போறீங்களா தம்பி? அதுவும் ப்ளேன்ல!"

"மேய்க்கறது இல்லீங்க பாய், மெஷின்ல பால் கறக்கறது."

"எத்தன மாடு?"

"அறுநூறுங்க."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அறுநூறு மாட்டுக்குப் பேரு வெக்கறதே ஒரு வருசம் ஆவுமே" என்றார்.

"பேரு எங்க பாய்? நம்பருதானாம். காதுல அடிச்சிருக்குமாம்" என்று பின்சீட்டிலிருந்து அப்பா சொன்னார். சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

எங்கள் வீட்டில் மாடு நான்கு. பேருக்குத்தான் அப்பாவுடையவை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவற்றுக்குத் தீனி போட்டதும் கறந்ததும் சித்ராதான். விமான நிலைய வாசலில் டிக்கெட் இல்லாதவர்களை நிறுத்திவிடுவார்கள். அங்கே அம்மா அழுதார். சித்ரா அழாமல் மாட்டுக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: "செவலைக்கு இன்னும் மூணு வாரத்துல நாளுங்க அத்த. மடி எறங்குனதும் தனியா கட்டுங்க. மாமா மறந்துருவாங்க, நீங்க பாத்துக்குங்க."

அப்பா என்னிடம், "அங்கத்தி மாடு நம்ம பேச்சக் கேக்குமாடா?" என்றார்.

"தெரியலப்பா."

"அதட்டிப் பாரு. மாட்டுக்குக் கொரலுதான் கணக்கு."

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரம். அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். பிறகு பத்து மணி நேரம் பறந்து சனிக்கிழமை காலை கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இறங்கினோம். இறங்குவதற்கு முன் ஜன்னலில் பனிமலை தெரிந்தது. இனியா அதை உப்பு என்றாள். நாங்கள் திருத்தவில்லை.

வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த ஊர் விமான நிலையத்தில் நகைக்கும் பணத்துக்கும் கேள்வி குறைவு; மண்ணுக்கும் விதைக்கும்தான் கேள்வி. பண்ணையில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இருந்தோம் என்றேன். பெட்டியைத் திறந்து, சித்ராவின் ரப்பர் செருப்பைத் தனியாக எடுத்தார் ஓர் அதிகாரி. அடிப்பக்கக் கோடுகளில் காய்ந்த சாணி இருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கழுவி, மருந்து தெளித்து, ஈரத்தோடு ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் முடிந்துவைத்திருந்த அவரை விதையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நம்ம சாணியக் கூட உள்ள வுட மாட்டாங்களா?" என்றாள் சித்ரா.

"நோய் வந்துரும்னு பயம்."

"நம்ம மாட்டுக்கு என்ன நோவு? நல்லாத்தான இருந்துச்சு?"

பண்ணைக்காரம்மா ஹெலன் எங்களை அழைத்துப் போக வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. அந்தக் குளிரில் அரைக்கால் சட்டை போட்டிருந்தார். எங்கள் மூவருக்கும் பல் கிடுகிடுத்தது. ஆஷ்பர்ட்டன் என்கிற ஊர் வரை நேர்ச்சாலை. வழியில் ரக்காயா ஆற்றுப் பாலம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளம். கீழே கல்லும் மணலும், நடுவே நீலமாக நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடும் தண்ணீர். இருபுறமும் வயலுக்கு வேலியாகப் பைன் மரங்களைச் சுவர் போல வெட்டி நிறுத்தியிருந்தார்கள். வழியில் ஓர் ஆளைக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியில் வைத்தே ஹெலன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். "உன் ஒப்பந்தம் இந்த சீசனுக்கு மட்டும். மாடுகள் கன்று போடும் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. அது முடியட்டும். செப்டம்பர் கடைசியில், அடுத்த சீசனுக்கு நீங்கள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். நல்லதோ கெட்டதோ, நேரில் சொல்வேன்."

வேண்டாமென்றால் வேலை போகும், பண்ணை கொடுத்த வீடும் போகும், விசாவும் அந்த வேலையோடு போகும். இதைச் சித்ராவுக்கு அன்று மாலையே சொன்னேன். அவள் அடுப்பு எப்படி எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பொரட்டாசி வரைக்கும்தான் கெடு" என்றாள்.

வீடு பலகை வீடு. மூன்று அறை, உள்ளே ஈரவாடை, நடுவே விறகுபோடும் இரும்பு அடுப்பு. அடுத்த வீடு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. ஆஷ்பர்ட்டன் இருபத்திரண்டு கிலோமீட்டர், பஸ் கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை பண்ணை வண்டியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனோம். இந்தியக் கடை ஒன்று இருக்கிறது. அரிசி ஐந்து கிலோ பதினெட்டு டாலர். கொத்தமல்லி ஒரு சிறு கட்டு நான்கு டாலர். ராகி மாவும் இருந்தது. தக்காளி கிலோ பன்னிரண்டு டாலர், நம் காசுக்கு அறுநூறு ரூபாய். சித்ரா ஒரு பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"பாலக்கோட்டுல வெல இல்லாம ரோட்டுல கொட்டறாங்களே, அத இங்க கொண்டாந்து கொட்டக் கூடாதா?"

கடைக்காரர் குஜராத்திக்காரர். அவருக்கு எதுவும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தார்.

வேலை பற்றிச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே எழ வேண்டும். பால் கறக்கும் கொட்டகையில் ராட்டினம் மாதிரி ஒரு வட்டமேடை மெதுவாகச் சுற்றுகிறது. மாடுகள் தாமாக ஏறி நிற்கின்றன. ஒரு சுற்று முடிவதற்குள் கறந்து முடிந்து தாமாக இறங்குகின்றன. அதட்ட வேண்டிய வேலையே இல்லை. என்னோடு பிலிப்பைன்ஸ்காரர் ஜோயல் வேலை செய்கிறார். இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகிறது. குளிருக்கு எத்தனை சட்டை போட வேண்டும் என்பதிலிருந்து, ஹெலனிடம் எப்போது பேசக் கூடாது என்பது வரை எனக்குச் சொன்னவர் அவர்தான். தேநீர் குடிப்பதற்கு முன் பேசக் கூடாது.

இரண்டாம் வாரம் கன்றுகள் குவிந்தன. ஒரே நாளில் முப்பது கன்று விழுந்த நாளும் உண்டு. கன்றுக் கொட்டகையில் ஆள் போதாமல் சித்ராவையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார் ஹெலன். இங்கே தாயிடம் கன்றை விடுவதில்லை. பிறந்த அன்றே பிரித்து, சீம்பாலை வாளியில் ஊற்றிக் குழாய்க் காம்பில் குடிக்கவைக்கிறார்கள். நம் வீட்டில் மாடு ஈன்றால், சீம்பாலைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நாம் சாப்பிடுவோம். இங்கே மஞ்சள் மஞ்சளாகத் தொட்டி தொட்டியாக நின்றது. "இத்தன சீம்பாலா?" என்று சித்ரா வாய்விட்டுக் கேட்டாள். கொடுப்பதற்கு வீடு இல்லை.

பெண் கன்றுகளை வளர்க்கிறார்கள். காளைக் கன்றுகளில் பெரும்பாலானவற்றை நான்கு நாள் கழித்து லாரி வந்து ஏற்றிப் போகிறது. அது எங்கே போகிறது என்று சித்ரா கேட்டாள். நான் சொன்னேன். ஜோயல் இனியாவைக் காட்டி, "காளைக் கன்றுக்கு மட்டும் பேர் வைக்க வேண்டாமென்று பாப்பாவிடம் சொல்லிவை" என்றார். ஏற்கெனவே இரண்டுக்கு வைத்தாகிவிட்டது. அந்த லாரி வந்த நாளில் சித்ரா வாளிகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடித்த வாளிகளையே மறுபடியும் கழுவினாள்.

இதை எழுதும்போது நியாயமாக இருக்க வேண்டும். நம் ஊரில் காளைக் கன்று எங்கே போகிறது? சந்தைக்குப் போகிறது. கயிற்றை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டு நாம் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். அதற்கப்புறம் நடப்பதை நாம் கேட்பதில்லை. இங்கே கேட்டால் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சித்ராவிடமும் சொன்னேன்.

"தெரியுங்க. தெரிஞ்சா மட்டும் நல்லா இருக்குதா?" என்றாள்.

மூன்றாம் வாரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. செவலை கன்று போட்டுவிட்டது, கிடாரி. அப்பா போனை வாங்கி, "கொடியும் நல்லபடியா வுழுந்துருச்சு. ஏரிக்கரை ஆலமரத்துல கொண்டுபோயிக் கட்டிட்டு வந்துட்டேன்" என்றார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாடு ஈன்றதும் விழும் நஞ்சுக்கொடியை எங்கள் பக்கம் வைக்கோலோடு பழைய சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில், பெரும்பாலும் ஆலமரத்தில், உயரமாகத் தொங்கவிடுவது வழக்கம். பால் பெருகும் என்பார்கள். கீழே போட்டு நாயோ நரியோ தின்றால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். ஏரிக்கரை ஆலமரத்தில் எப்போதும் நாலைந்து மூட்டை தொங்கும். எது யார் வீட்டு மூட்டை என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

போனை வைத்ததும் சித்ரா வாளியை எடுத்துக்கொண்டு கன்றுக் கொட்டகைக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, கன்றுக் கொட்டகைக்கு எதிர்வயலில் ஒரு சின்னப் பழுப்பு மாடு ஈன்றது. தலையீற்று. காதில் நானூற்றுப் பதினேழு. நான் கறவையில் இருந்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் சித்ராதான் கூடவே இருந்து கன்றைத் துடைத்துவிட்டிருக்கிறாள். கொடி விழும்வரை நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு செய்ததை அவளே பின்னால் சொன்னாள். கன்றுக்குப் பால்மாவு வரும் வெற்றுப்பை ஒன்றை எடுத்து, வைக்கோல் போட்டு, கொடியை அதில் வைத்து, நீலக் கயிற்றால் கட்டினாள். ஆலமரத்துக்கு எங்கே போவது? வேலியோரமாகப் போய், மரம் மரமாக நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறாள். ஒன்றில் தண்ணீர்தான் கசிந்தது. ஒன்றில் ஒன்றுமே இல்லை. பண்ணை வாசலில் நின்ற பைன் மரத்தைக் கீறியபோது வெள்ளையாகப் பிசின் வந்தது.

மறுநாள் மழை. காலைக் கறவை முடிந்து கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஹெலன் நான்கு சக்கர பைக்கில் வந்து இறங்கினார். தேநீர் குடித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வாசல் மரத்தில் என்ன தொங்குகிறது?"

ஜோயல் என்னைப் பார்த்தார். நான் ஜோயலைப் பார்த்தேன்.

தபால் கொண்டுவரும் பெண் பார்த்திருக்கிறார். மழையில் மூட்டையிலிருந்து ரத்தம் சொட்டி, தபால் பெட்டி மேல் வழிந்திருக்கிறது. பயந்துபோய் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஹெலனுக்குப் போன் செய்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் வாசலுக்குப் போனோம். நீலக் கயிற்றின் முடிச்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டு முடிச்சு. செப்டம்பர்க் கெடு, வீடு, விசா எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின.

அதற்குள் சித்ரா கொட்டகையிலிருந்து வந்துவிட்டாள். வாளி கையிலேயே இருந்தது.

"நாந்தான் கட்டுனேன்னு சொல்லுங்க. பாவம், அந்த ஜோயல் அண்ணன் மேல போட்டுரப் போறாங்க."

சொன்னேன். ஹெலன் சித்ராவைப் பார்த்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"கீழ போட்டா நாயி தின்னுருங்க. நாயி தின்னா மாட்டுக்கு ஆவாது, கன்னும் தங்காது. அதான் எட்டாத ஒசரத்துல கட்டுனேன். பால் வர்ற மரத்துல கட்டுனா பாலு பெருகும்னு எங்கூர்ல செய்வாங்க."

நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வரியையும் விடவில்லை. ஹெலன் ஒன்று சிரிப்பார் அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"நாய் என்றா சொன்னாள்?"

"ஆமாம்."

ஹெலன் மூட்டையைப் பார்த்தபடி பேசினார். சில வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பண்ணையில் அறுபதுக்கும் மேற்பட்ட மாடுகளுக்குக் கன்று கலைந்ததாம். வயலில் கிடந்த நஞ்சுக்கொடியை நாய்கள் தின்று, நாய்களின் கழிவு தீவனத்தில் கலந்து, அதிலிருந்து மாடுகளுக்கு நோய் பரவியதாம். கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அப்போதிருந்து, விழுந்த கொடியை அன்றன்றே பொறுக்கி மூடிபோட்ட குழியில் போட வேண்டுமென்பது இங்கே விதி. யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. அப்போது ஜோயல் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நாய்க்கு எட்டக் கூடாதென்பது சரி. ஆனால் மரத்தில் கட்டினால் பருந்து கிழித்து வயல் முழுக்கப் போடும். என் வாசலில் ரத்தம் சொட்டக் கூடாது. இப்போதே இறக்குங்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "இது எழுத்தில் வரும். முதல் எச்சரிக்கை. உன் பேரில்தான் வரும், அவள் பேரில் இல்லை. இங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அவளுக்குச் சொல்லவேண்டியது உன் பொறுப்பு."

பைக்கில் ஏறிய பிறகு திரும்பிச் சொன்னார்: "நாளையிலிருந்து கொடி பொறுக்கும் வேலை அவளுடையது. அவள் ஒன்றைக்கூட விடமாட்டாள் என்று தெரிகிறது."

ஜோயல் பெருமூச்சு விட்டார். "ஐந்து வருஷமாக நான் தப்பிக்கப் பார்த்த வேலை. உன் மனைவி ஒரே மூட்டையில் வாங்கிவிட்டாள்." அதைச் சித்ராவுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மரத்தில் ஏறி முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். கீழே கையேந்தி வாங்கிக்கொண்டாள்.

வேலை என்னவென்றால், காலையில் வெளிச்சம் வந்ததும் மாடுகள் ஈனும் வயல்களைச் சுற்றி வர வேண்டும். மாட்டுக்கு மாடு, விழுந்த கொடியை இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டு, சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு குழிவரை போக வேண்டும். உறைபனி பெய்த காலையில் அது புல்லோடு ஒட்டிக் கிடக்கும். முதல் வாரம், எந்தக் கொடி எந்த மாட்டுடையது என்று நின்று பார்த்தாள். காது நம்பரை மனதில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். ஒரே காலையில் இருபது விழுந்த நாளுக்குப் பிறகு நம்பர் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஊரிலிருந்து அப்பா கேட்டார், அங்கே கொடியை எந்த மரத்தில் கட்டுகிறார்கள் என்று. மறைக்க மனம் வரவில்லை. மரத்தில் இல்லை, குழியில் என்றும், பொறுக்குவது சித்ராதான் என்றும் சொன்னேன்.

"நம்மூட்டு மாட்டுக்குச் செஞ்சா அது நம்ம வேல. ஊரான் மாட்டுக்கு, அறுநூறு மாட்டுக்கு... அதுக்கா அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போன?"

"சம்பளம் இருக்குதுப்பா. அவளே செய்யறேன்னுதான் சொல்றா."

"வேண்டாம்னு சொல்லத் தெரியாத புள்ளடா அது" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அந்த நாட்களில் சித்ரா ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டாள். களி கிண்டும்போது கேட்பாள்; இனியாவுக்குத் தலை பின்னும்போது கேட்பாள். "அந்தம்மா நம்மள அனுப்பிருவாங்களா?" நான் ஒவ்வொரு முறையும் தைரியம் சொன்னேன். அனுப்ப மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன், இனிமே தப்பு வராம நடந்துக்கலாம். சொன்னபடியே நடந்தேன். ஜோயல் விடுப்பு எடுத்த நாளில் இரண்டு ஆள் வேலை செய்தேன். தவணை தவறாமல் தடுப்பூசிக் கணக்கு எழுதினேன். நொண்டும் மாடுகளை ஹெலன் கேட்பதற்கு முன்பே பிரித்துக் கட்டினேன். பயந்துபோயிருக்கும் மனைவிக்காக ஓர் ஆண்பிள்ளை என்ன செய்ய வேண்டுமோ, அதையெல்லாம் செய்துகொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

செப்டம்பர் கடைசி வந்தது. கன்றுகள் விழுவது குறைந்துவிட்டது. பகல் நீண்டு, வேலியோரம் மஞ்சள் பூ பூத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹெலன் டிராக்டரில் ஒரு டிரெய்லர் விறகு கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் கொட்டினார். அன்று வெட்டிய பச்சை விறகு. அறுத்த இடத்தில் ஈரம் பளபளத்தது. எங்கள் வீட்டில் விறகு ஏற்கெனவே நிறைய இருந்தது. எதற்கு என்று நான் கேட்டேன்.

"இது இப்போது எரியாது. காய ஒரு வருஷம் ஆகும். வடக்குப் பக்கம் அடுக்கிவை, இங்கே வெயில் அந்தப் பக்கம்தான் விழும். அடுத்த குளிர்காலத்துக்கு உங்களுக்கு வேண்டியிருக்கும்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அடுத்த சீசனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இந்த வாரம் ஒப்பந்தம் எழுதலாம். வேலியோர வயல்களில் இந்த வருஷம் நாயே வரவில்லை. அதையும் அவளிடம் சொல்."

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. சித்ரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். ஹெலன் சொன்னதை ஒன்று விடாமல், விறகு, வெயில், ஒப்பந்தம், நாய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"அடுத்த வருசமும் இங்கதானா?"

"ஆமா புள்ள. நாந்தான் சொன்னேன்ல, அனுப்ப மாட்டாங்கன்னு."

"நான் அனுப்பிருவாங்கன்னுதாங்க இருந்தேன்" என்றாள். "பொரட்டாசி வந்தா போயிரலாம்னு ஒவ்வொரு நாளாத் தள்ளிக்கிட்டு இருந்தேன்."

அவள் கேட்ட கேள்வி எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வாரமும் அவளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தது தைரியம் இல்லை.

ஹெலன் டிராக்டர் பக்கத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி சொன்னவருக்கு, கேட்டவர் முகம் அப்படிப் போனது புரியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

மரத்தடியில் நின்றபோது ஒரு வரியைக்கூட விடாமல் மொழிபெயர்த்தவன் நான். இப்போது என் வாயில் வந்தது வேறு.

"நன்றி சொல்கிறாள். தேங்க் யூ என்கிறாள்."

அந்த இரண்டு வார்த்தை சித்ராவுக்குத் தெரியும். வந்த முதல் வாரமே கடையில் கற்றுக்கொண்டவை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது, கேள்வியாகவும் இல்லை. அம்மாவையும் அப்பாவையும் விட்டுவந்ததும், பள்ளிக்கூடம் போன முதல் ஆளாக நான் என்னென்ன நினைத்தேன் என்பதும், இனி இனியா எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கப்போகிறாள் என்பதும் எல்லாம் அந்தப் பார்வைக்குள் போய்த் திரும்பின மாதிரி இருந்தது. பிறகு துணியைக் கொடியில் போட்டு, சுருக்கம் போக நீவிவிட்டு, ஹெலனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"தேங்க் யூ" என்றாள், அவள் வாயாலேயே.

ஹெலன் கையை உயர்த்திக் காட்டிவிட்டு டிராக்டரைக் கிளப்பினார். சித்ரா புடவை மேல் போட்டிருந்த ஸ்வெட்டரின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். குவியலில் ஒரு கட்டையை எடுத்தாள். பச்சைக் கட்டை, நல்ல கனம்.

"வடக்கு எந்தப் பக்கங்க?" என்று கேட்டாள்.

காட்டினேன்.